பங்குனி வெயிலும் கோதுமைக் கதிரும்

கோதுமை குளிர்காலப் பயிர். முதலாண்டு உழவியல் வகுப்பில் இதை ஒரே வரியில் எழுதிக்கொண்டோம், தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கினோம், அத்தோடு மறந்தும் போனோம். நமக்கென்ன, நெல்லும் சோளமும் கரும்பும் விளையும் நாடு. கோதுமை என்றால் ரேஷன் கடையில் வாங்கும் சரக்கு என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. ஆனால் அந்த ஒரு வரிக்குள் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பயிர் இனப்பெருக்க வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அந்த வரலாறு இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளில் யாராவது அதில் ஒரு பக்கம் எழுதக்கூடும் என்பதால்தான் இந்த மலருக்கு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

வட இந்தியாவில் கோதுமைக்குக் கிடைப்பது இரண்டு வெயிலுக்கு நடுவே ஒரு சந்து. ஐப்பசியில் சூடு அடங்கினால்தான் விதைக்கலாம். பங்குனி வெயில் ஏறுவதற்குள் மணி முற்றிவிட வேண்டும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் விதைத்த பயிர் பனிக்கடியில் படுத்துக் கிடந்து, சாவகாசமாக அடுத்த கோடையில் அறுவடைக்கு வரும். நம்ம ஊர்ப் பயிருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நாலு, நாலரை மாதத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும்.

வெயில் என்னதான் செய்கிறது? பயிருக்குக் காலண்டர் தெரியாது. தன் மேல் விழுந்த வெப்பத்தைக் கூட்டிக் கூட்டித்தான் அது வயதாகிறது. சூடு அதிகமானால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். பூக்கும் சமயத்தில் 30 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் மலடாகி, கதிரில் மணிகளின் எண்ணிக்கையே குறையும். பால் பிடித்து மணி கட்டும்போது அடித்தால் வேறு விதமான கேடு. சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் நொதி சூட்டில் சுணங்கிப் போகிறது. மணி நிரம்பும் நாட்களும் குறைகின்றன. கட்டுப்படுத்திய சூழலில் நடந்த சோதனைகளில், சராசரி வெப்பம் 15 டிகிரியைத் தாண்டிய பின் ஒவ்வொரு டிகிரிக்கும் மணியின் எடை 3 முதல் 5 சதவீதம் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். வயலில் பார்த்தால் கதிர் நன்றாகத்தான் இருக்கும். களத்தில் தூற்றும்போதுதான் தெரியும், சுருங்கின மணி என்று.

இந்த வெயில் நம் நாட்டுக் கோதுமைக்குப் பழைய எதிரி. ஆயிரக்கணக்கான வருஷங்களாக, பங்குனிக்குள் முற்றாத செடி விதைக்கே மிஞ்சியிருக்காது. அதனால் முந்திப் பழுக்கும் குணம் நாட்டு ரகங்களின் ரத்தத்திலேயே ஊறிப்போனது. இதன் மதிப்பை முதலில் புரிந்துகொண்டவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தியக் கோதுமை கப்பல் கப்பலாக வெளியே போனது. ஆஸ்திரேலியாவில் வில்லியம் ஃபாரர் என்பவர் ‘எட்டாவா’ என்ற இந்தியக் கோதுமையைக் கனடா வழி வந்த ரகத்தோடு கலந்தார். அந்தக் கலப்பின் வாரிசை உள்ளூர் ரகத்தோடு மறுபடி சேர்த்துக் கிடைத்ததுதான் 1901-ல் வெளிவந்த ‘ஃபெடரேஷன்’. அந்த நாட்டு வறட்சி வயல்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். பின்னாளில் ஃபாரரின் படத்தை இரண்டு டாலர் நோட்டிலேயே போட்டார்கள். (ஒரு பயிர் இனப்பெருக்க விஞ்ஞானிக்கு நோட்டில் இடம் கொடுத்த நாடு. நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.)

கனடாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். ‘ரெட் ஃபைஃப்’ என்ற நல்ல கோதுமை அங்கே இருந்தது. ஆனால் அது முற்றுவதற்குள் உறைபனி வந்து கெடுத்துவிடும். அதோடு ‘ஹார்டு ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமையைச் சேர்த்தார்கள். கல்கத்தா என்பது அது கப்பலேறிய துறைமுகம். ரகத்துக்கு ஒரு பெயர்கூட இல்லாமல்தான் போயிருக்கிறது. அந்தக் கலப்பிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் பொறுக்கி எடுத்த ‘மார்க்விஸ்’ ஒரு வாரம் முன்னதாக முற்றியது. அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு கனடாவின் மேற்குச் சமவெளி முழுக்கக் கோதுமை நாடாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: வெயிலுக்குப் பயந்து நம்ம ஊர்ப் பயிர் கற்றுக்கொண்ட அவசரம், அங்கே பனிக்கு முந்திக்கொள்ள உதவியது.

இங்கே முறையான ஆராய்ச்சி தொடங்கியது 1905-ல், பிகாரில் உள்ள பூசாவில். ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் நாட்டுக் கோதுமைகளைத் தொகுத்து, கலப்படமாகக் கிடந்ததிலிருந்து தூய வழிகளைப் பிரித்தார்கள். பூசா 4, பூசா 12 எல்லாம் அப்படி வந்தவை. 1909-ல் இருவரும் சேர்ந்து இந்தியக் கோதுமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். 1934 பூகம்பத்தில் பூசா கட்டடம் சிதைந்து, 1936-ல் நிலையம் டில்லிக்கு இடம் பெயர்ந்தது; பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனதால்தான் டில்லியில் இன்றும் ஒரு பூசா இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களுக்குப் பெரிய கவலை துரு நோயும் மணியின் தரமும்தான். வெயிலுக்கென்று தனி ஆராய்ச்சி தேவைப்படவில்லை. நாட்டு விதைக்குள் அது ஏற்கெனவே இருந்தது. 1965-ல் வந்த சி 306 என்ற நெட்டை ரகம் அந்தப் பரம்பரையின் கடைசிப் பெரிய பிள்ளை எனலாம். சப்பாத்திக்கு அதன் மாவுக்கு இன்றும் மவுசு. வறட்சி, வெப்பச் சோதனைகளில் இன்றும் அதை ஒப்பீட்டு ரகமாக வைக்கிறார்கள்.

பிறகு குட்டை ரகங்கள் வந்தன. நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் செய்த ஒரு காரியத்தை நம் பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான் கிடைக்கிறதே என்று பொறுமையிழந்த அவர், குளிர்காலத்தில் கடல்மட்டத்தை ஒட்டிய சொனோராவிலும், கோடையில் 2,600 மீட்டர் உயர டொலூகாவிலும் மாற்றி மாற்றி விதைத்தார். நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்தார். ஆனால் கூடவே ஒரு லாபம் கிடைத்தது. பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத செடிகள்தான் இரண்டு இடத்திலும் தேறின. அதனால்தான் அந்த விதை மெக்ஸிகோவிலிருந்து பஞ்சாபுக்கு வந்தும் பிழைத்தது. நார்மன் போர்லாக் 1963-ல் இந்தியா வந்தார். 1966-ல் 18,000 டன் விதை கப்பலில் வந்து இறங்கியது. 1964-65ல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 1967-68ல் 1 கோடியே 65 லட்சம் டன் ஆனது. இந்த முயற்சியில் முன்னின்ற எம்.எஸ். சுவாமிநாதன் கோவை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பெருமைதான்.

அந்தக் குட்டை ரகங்கள் வெயிலுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. உரத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு சாயாமல் நிற்பதற்காக உருவானவை. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் வேறு ராசி. எஸ் 308 என்ற எண்ணோடு வந்து 1967-ல் ‘சோனாலிகா’ என்று பெயர் பெற்றது அது. சீக்கிரம் முற்றும், மணி பெரிது, தாமதமாக விதைத்தாலும் அவ்வளவாகக் கைவிடாது. உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு, பிகார், வங்காளம் என்று பரவி, வங்கதேசத்தில் 1980-களின் தொடக்கத்தில் கோதுமை என்றாலே சோனாலிகா என்ற நிலை. ஒரே ரகத்தை அத்தனை பரப்பில் நம்பினால் என்ன ஆகும் என்று தாவர நோயியல் ஆசிரியர்கள் சொல்லுவார்களே, அதேதான் நடந்தது. துரு புது வடிவில் வந்தது. சூடும் ஈரமும் சேர்ந்த அந்தப் பக்கத்தில் இலைக்கருகலும் பிடித்துக்கொண்டது. சோனாலிகா மெல்ல ஒதுங்கியது.

சோனாலிகாவுக்கு இவ்வளவு கிராக்கி வரக் காரணம் நெல். பஞ்சாபில் அதுவரை பெரிதாக இல்லாத நெல், கிணற்றுத் தண்ணீரையும் கொள்முதல் விலையையும் நம்பி 1970-களில் நுழைந்தது. கிழக்கே போகப் போக நீண்ட நாள் நெல். அறுவடை முடிந்து, வைக்கோலை அகற்றி, உழுது விதைப்பதற்குள் டிசம்பர் வந்துவிடும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஹெக்டேருக்குச் சுமார் 30 கிலோ போகும் என்பது உழவியல்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. முன்பக்கம் நெல் தள்ளுகிறது, பின்பக்கம் பங்குனி வெயில் தள்ளுகிறது. நடுவில் கோதுமை நசுங்குகிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் பஞ்சாப் அரசு நெல் நடவைத் தள்ளிப்போடச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே இருந்த நாட்கள் இன்னும் சுருங்கின; வைக்கோலுக்கு நெருப்பு வைக்கும் பழக்கம் முற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். வெப்பம் தாங்கும் ரகம் வேண்டும் என்ற கோரிக்கை வானத்திலிருந்து மட்டும் வரவில்லை, நம் பயிர்த்திட்டத்திலிருந்தும் வந்தது என்பதை அழுத்திச் சொல்லவே இவ்வளவும்.

1980-களில் வெப்பம் ஒரு தனிப் பாடமானது. மெக்ஸிகோவில் உள்ள சிம்மிட் நிறுவனம் வெப்ப மண்டலத்துக்கான கோதுமை பற்றி 1984-ல் ஒரு மாநாடு கூட்டியது. 1987-ல் தாய்லாந்தின் சியாங் மாயில் அடுத்தது. 1993-ல் வங்கதேசத்து தினாஜ்பூரிலும் சூடானின் வத் மதானியிலும் இன்னொன்று. அந்த இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு அர்த்தம் இருந்தது. ஒன்று ஈரமான சூடு, இன்னொன்று காய்ந்த சூடு. ஒரே தெர்மாமீட்டர் அளவு காட்டினாலும் பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதே காலத்தில் நடந்த பன்னாட்டுச் சோதனைகளில் மெக்ஸிகோ, சூடான், வங்கதேசம், இந்தியா உள்படப் பல நாடுகளில் ஒரே ரகத் தொகுப்பை விதைத்துப் பார்த்தார்கள். அதில் வந்த முக்கியமான சேதி: நன்றாக விளையும் ரகத்தின் பயிர்ப்பரப்பு காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி வயலை நோக்கிப் பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். சங்கதி எளிமையானது. வேர் ஆழமாகப் போய்த் தண்ணீர் எடுத்து, இலைத்துளை வழியே விட்டால் பயிர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். நமக்கு வியர்ப்பது போலத்தான். காய்ந்த சூட்டில் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது. ஆயிரம் வழிகளை அறுவடைக்குக் காத்திராமல் தரம் பிரிக்க இனப்பெருக்கக்காரர்களுக்கு ஒரு கருவி கிடைத்தது. தண்டில் சேமித்த சர்க்கரையைக் கடைசி நேரத்தில் மணிக்குக் கொண்டு சேர்க்கும் திறமை, இலை பச்சையாகவே நிற்பது, செல் சவ்வின் உறுதி என்று வேறு குணங்களையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறவன் ஒரு ரகம். வெயிலிலேயே நின்று வேலை பார்க்கிறவன் இன்னொரு ரகம். முதலாவது தப்பித்தல், இரண்டாவது தாங்குதல். சோனாலிகா பெரும்பாலும் முதல் வகை. தப்பிக்கும் குணத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். ஆனால் சீக்கிரம் முடிகிற பயிர் குறைந்த நாள்தான் சாப்பிடுகிறது, அதற்கேற்பக் குறைவாகத்தான் கொடுக்கும். தாங்கும் குணமோ ஒரு மரபணுவில் இல்லை. குட்டைத்தன்மைக்கு ஓரிரு பெரிய மரபணுக்கள் போதுமாக இருந்தன, அதனால் ஐந்தாறு வருஷத்தில் புரட்சி செய்ய முடிந்தது. வெப்பம் தாங்குவதற்கு எத்தனையோ சின்னச் சின்ன மரபணுக்கள் கூட்டாக வேலை செய்கின்றன. அடுத்த புரட்சி எப்போது என்று மேடையில் கேட்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1991-லேயே பயிர் வினையியல் அறிஞர் எஸ்.கே. சின்ஹாவும் சுவாமிநாதனும் ஒரு கணக்குப் போட்டார்கள். குளிர்கால வெப்பம் அரை டிகிரி உயர்ந்தால் கோதுமையின் வயது 7 நாள் குறையும், ஹெக்டேருக்கு 450 கிலோ விளைச்சல் போகும் என்று. 2012-ல் டேவிட் லோபெல் குழுவினர் கங்கைச் சமவெளியின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, 34 டிகிரியைத் தாண்டிய நாட்கள் பயிரை வேகமாகப் பழுக்க வைக்கின்றன, வழக்கமான கணினி மாதிரிகள் இந்தச் சேதத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றன என்று சொன்னார்கள்.

பிறகு வந்தது 2022 மார்ச். 1901-லிருந்து இருக்கும் பதிவுகளில் இந்தியாவின் மிகச் சூடான மார்ச் மாதம் அதுதான். பிப்ரவரியில் அரசு மதிப்பீடு 11 கோடியே 13 லட்சம் டன். உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது, ஏப்ரலில் ஏற்றுமதிப் பேச்சு பலமாக இருந்தது. பஞ்சாப், ஹரியானா களங்களில் சுருங்கின மணி வந்து விழுந்தது. மே 13-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. அடுத்த வாரம் மதிப்பீடு 10 கோடியே 64 லட்சமாக இறங்கியது. அதற்கு முந்தைய வருஷம் 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு அந்த வருஷம் கிடைத்தது சுமார் 188 லட்சம் டன்தான். வியாபாரிகள் அதிக விலை கொடுத்ததும் இதற்குக் காரணம், வெயில் மட்டுமல்ல. ஆனாலும் ரேஷனில் கோதுமையைக் குறைத்து அரிசி கொடுத்த மாநிலங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த மார்ச் மாதம் அடுப்படி வரை வந்தது. 2023 பிப்ரவரியும் சூட்டில் சாதனை படைத்தபோது, கோதுமையைக் கண்காணிக்கவென்றே மத்திய அரசு ஒரு குழு போட்டது. 2024-25ல் வானம் ஒத்துழைத்து விளைச்சல் 11 கோடியே 75 லட்சம் டன்னைத் தொட்டதாக மதிப்பிட்டார்கள். ஆக, நல்ல வருஷமும் இருக்கிறது. எந்த வருஷம் எது என்பதுதான் விதைக்கும்போது தெரியாது.

இந்த நெருக்கடியில் டில்லி பூசாக்காரர்கள் பழைய உபாயத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சீக்கிரம் முற்றுவதற்குப் பதிலாகச் சீக்கிரம் விதைத்தால் என்ன? அக்டோபர் 20 வாக்கில் விதைத்துவிட்டால் பங்குனிக்குள் மணி நிரம்பிவிடும். சிக்கல் என்னவென்றால், சாதாரண ரகம் அந்தச் சூட்டில் அவசரப்பட்டுத் தூர் கட்டாமலே கதிர் தள்ளிவிடும். ஆகவே கொஞ்சம் குளிர் பட்ட பிறகே கதிர் தள்ளும் குணத்தை மெல்லிதாகச் சேர்த்தார்கள். 2016-ல் வந்த எச்.டி.சி.எஸ்.டபிள்யூ. 18 இந்த வழியில் முதல் ரகம். உயரம் அதிகமாகிச் சாயும் குறை இருந்தது. அதைத் திருத்திக் குட்டையாக்கி வந்ததுதான் 2023-ல் பேசப்பட்ட எச்.டி. 3385. இதனோடு வைக்கோலை எரிக்காமல் அதன் ஊடாகவே விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ கருவியும் சேர்ந்தால் உழவுக்கான நாட்கள் மிச்சம், மண்ணும் குளிர்ச்சி. ஆனால் அக்டோபர் 20-க்குள் நெல் வயலைவிட்டுப் போயிருக்க வேண்டுமே! அதற்குக் குறுகிய கால நெல் வேண்டும். கோதுமைப் பிரச்சினைக்கு விடை நெல் ஆராய்ச்சியாளர் கையிலும் இருக்கிறது.

வத் மதானியைப் பற்றி ஒரு வார்த்தை. பதினான்காவது அட்சரேகையில், கோதுமைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், கெசிரா பாசனப் பகுதியில் சூடான்காரர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டு வெப்பம் தாங்கும் ரகங்களை வளர்த்தார்கள். 2023 டிசம்பரில் உள்நாட்டுப் போர் அந்த ஊருக்குள் நுழைந்தது. அங்கிருந்த விதை வங்கியும் சூறையாடலுக்குத் தப்பவில்லை. நல்லவேளையாகச் சூடானின் சில விதைகள் நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்திலும் இருக்கின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். மளிகைக் கடையில் ‘சம்பா கோதுமை ரவை’ வாங்குகிறோமே, அந்தச் சம்பா வேறு இனம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இதற்குக் ‘கப்ளி’ என்று பேர். உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், குத்தித்தான் எடுக்க வேண்டும். சூட்டையும் துருவையும் தாங்குவதில் ரொட்டிக் கோதுமைக்கு அண்ணன். பசுமைப் புரட்சிக் காலத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. தார்வாட்டில் டி.டி.கே. வரிசையில் குட்டை ரகங்களை உருவாக்கினார்கள். நீலகிரி வெலிங்டனில் எச்.டபிள்யூ. 1098 வந்தது.

அந்த வெலிங்டன் நிலையம் டில்லி பூசாவின் கிளை. சுமார் 1,850 மீட்டர் உயரம். 1930-களில் ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா, சமவெளியில் கோடையில் அழிந்துபோகும் துரு நோய் நீலகிரி, பழனி மலைகளில் வருஷம் முழுக்க உயிரோடிருந்து மறுபடி கீழே இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். நோய் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடத்திலேயே ரகங்களைச் சோதித்தால் என்ன என்று அங்கே நிலையம் வைத்தார்கள். போர்லாக்கின் டொலூகாவுக்கு நம்ம ஊர்ப் பதிலும் அதுவே. ஏப்ரலில் வடக்கே அறுத்த விதை மே, ஜூனில் வெலிங்டனுக்கு வந்து விதைப்பாகும்; அக்டோபரில் அறுத்து, நவம்பர் விதைப்புக்குத் திரும்ப வடக்கே ரயிலேறும். பங்குனி வெயிலுக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் வழிகள், தங்கள் தலைமுறைகளில் ஒன்றை இப்படி நீலகிரி மழையிலும் பனிமூட்டத்திலும் கழித்துவிட்டுத்தான் களத்துக்கு இறங்குகின்றன.